போராடி வாங்கிய சேலம் உருக்காலை கை மாறுவதா?

மதுரை, காளவாசல்:–

"அண்ணே, இது சேலம் தகடா?" பாத்திரக் கடைகளில் இப்படிக் கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. எவர்சில்வர் என்றால் சேலம். அப்படி ஒரு பெயர்! அந்தப் பெயரைச் சம்பாதித்த ஆலையையே விற்கும் பேச்சு கிளம்பியது ஏன்?

நீண்ட காத்திருப்பு

இந்த ஆலை சும்மா வந்து விடவில்லை. 1967 ஜூலையில் முதல்–அமைச்சர் அண்ணா 'எழுச்சி நாள்' நடத்தி மத்திய அரசிடம் கேட்டார். 1970 ஏப்ரலில் பிரதமர் இந்திரா காந்தி நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அதே ஆண்டு செப்டம்பர் 16–ந் தேதி அடிக்கல் நாட்டினார். தகடு வெளியே வந்ததோ 1980–களின் தொடக்கத்தில்தான்!

கஞ்சமலை இரும்புத் தாதுவை உருக்குவார்கள் என்றுதான் ஜனங்கள் நினைத்தார்கள். அது நடக்கவில்லை. வெளியூர் உருக்கை வாங்கி, மெல்லிய தகடாக இழுக்கும் ஆலையாகவே தொடங்கியது. ஆரம்பத் திறன் ஆண்டுக்கு 32 ஆயிரம் டன். 1991–ல் அது இரட்டிப்பானது. நாணயம் அச்சடிக்கத் தேவையான வில்லைகளும் இங்கே தயாராயின.

சொந்த உலை வந்தும்...

2010–ல் 2 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் செலவில் நவீனமாக்கினார்கள். ஆண்டுக்கு 1 லட்சத்து 80 ஆயிரம் டன் உருக்கும் சொந்த உலை வந்தது. இனி கவலை இல்லை என்றார்கள். கவலை அதற்குப் பிறகுதான் கூடியது!

காரணம் சுலபம். மின்சார உலைக்குக் கரண்ட் பில் எகிறும். பழைய இரும்பு, குரோமியம், நிக்கல் எல்லாம் விலைக்கு வாங்க வேண்டும். ஒடிசாவிலுள்ள தனியார் ஆலைக்கோ பக்கத்திலேயே குரோமியத் தாது, மின்சாரமும் சொந்தம். போதாததற்கு மலிவான இறக்குமதித் தகடு வேறு. போட்டியில் சேலம் மூச்சு வாங்கியது.

விற்கும் முயற்சி

2016–ல் ஆலையை விற்க மத்திய அரசு கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது. 2019 ஜூலையில் தனியாரிடம் விருப்ப மனு கேட்டது. தொழிலாளர்கள் குடும்பத்தோடு போராட்டத்தில் இறங்கினார்கள்.

'நஷ்டத்தை எத்தனை நாள் ஜனங்கள் பணத்தில் சுமப்பது?' என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆலைக்காக நிலம் கொடுத்த விவசாயி, வேலை கிடைக்கும் என்று நம்பித்தான் கொடுத்தான். கடன் வாங்கி உலை வைத்து விட்டு, கரண்டுக்கும் கச்சாப் பொருளுக்கும் வழி செய்யாமல் விட்டது அவன் குற்றமா?

காந்தத்தை நம்பாதீர்!

வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. காந்தம் ஒட்டாவிட்டால் உயர்ந்த சரக்கு என்று எண்ண வேண்டாம். நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த மலிவுத் தகட்டிலும் காந்தம் ஒட்டாது. உயர்ந்த ரகத்தில் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். விலை வித்தியாசமே அங்கேதான். முத்திரையைப் பார்த்து, ரகத்தைக் கேட்டு, பில் போட்டு வாங்குவதே புத்திசாலித்தனம்.