கடன் வாங்கிய வாக்கியங்கள்

ஆன்லைனில் ஜெர்மன் சொல்லித்தருகிறேன். மாணவர்களில் பெரும்பாலோர் நர்சிங் முடித்த பெண்கள். போன மாதம் ஏ2 நிலைக்கு வகுப்புத் தேர்வு. 'தோழியின் பிறந்தநாளுக்குப் போக முடியவில்லை. மன்னிப்புக் கேட்டு நாற்பது சொல்லுக்குள் மின்னஞ்சல் எழுதுக.' ஒரு மாணவியின் விடையில், இரண்டு படி மேலே உள்ள பி2 வகுப்பே தடுமாறும் வினைக்கோவை. ஒரு காற்புள்ளிகூடப் பிசகவில்லை. கேமராவில் அவர் கண் திரையின் இடது மூலைக்குப் போய்ப் போய் வந்தது. "எழுதினதைப் பார்க்காம, அதையே வாயால சொல்லும்மா" என்றேன். சிறிது மௌனம். "மேம், நெட் கட்டாகுது."

கோபம் வந்தது. ஆனால் யோசித்தால், அந்த மூலையில் இருந்த மொழிபெயர்ப்புச் செயலியை அவர் கையில் கொடுத்ததே நான்தான். தினமும் "அகராதியைப் பார், உச்சரிப்பைக் கேள், மாதிரிக் கடிதத்தை அப்படியே எழுதிப் பழகு" என்கிறேன். பிறர் வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லித்தான் யாருக்கும் மொழி வருகிறது. கணக்கில் எது சொந்த விடை, எது பார்த்தெழுதியது என்பது தெளிவு. மொழியில் அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று நாங்கள் காட்டுவதே இல்லை. காலையில் துணையாக இருந்த கைபேசி, மாலைத் தேர்வில் திருட்டுச் சாமானாகிவிடுகிறது.

இவர்கள் பள்ளியில் ஆங்கில இரண்டாம் தாள் எழுதி வந்தவர்கள். விடுப்புக் கடிதமும் பொங்கல் கட்டுரையும் நோட்ஸில் இருந்தபடி எழுதினால் முழு மதிப்பெண்; சொந்தமாக எழுதினால் சிவப்பு மை. தன் வாக்கியம் ஆபத்து, அடுத்தவர் வாக்கியம் பாதுகாப்பு என்பதைப் பன்னிரண்டு வருடம் படித்து முடித்திருக்கிறார்கள். மனப்பாடத்துக்கும் பிட்டுக்கும் நடுவே இருப்பது ஞாபகசக்தி மட்டும்தான். நைட் டூட்டி முடித்து ஏழு மணி வகுப்புக்கு உட்காரும் பெண்ணிடம் அதுவும் மிஞ்சுவதில்லை.

ஜெர்மனியில் நர்ஸாக அங்கீகாரம் பெறப் பொதுவாக பி2 வேண்டும். அந்தத் தேர்வு நேரில், கண்காணிப்பாளர் முன்னால் நடக்கும், காப்பி எளிதில் எடுபடாது. பிறகு எதற்கு வகுப்புத் தேர்வில் இந்த வேலை? பலருக்குப் பயிற்சிக் கட்டணத்தை ஏஜென்சி கட்டுகிறது. மதிப்பெண் குறைந்தால் பேட்ச் மாறும், பயணம் தள்ளிப்போகும். வீட்டிலோ நகை அடகில். ஏஜென்சிக்கு நான் அனுப்பும் வாராந்திர அறிக்கையில் மதிப்பெண்ணுக்கு மட்டும்தான் கட்டம் இருக்கிறது. கட்டத்தில் என்ன கேட்கிறோமோ அதைக் கொண்டுவந்து தருகிறார்கள்.

வீட்டிலிருந்து எழுதுவதுதான் கோளாறு, இன்னொரு கேமரா வைத்தால் தீரும் என்பவர்கள் பிரிட்டனின் 'டோயிக்' விவகாரத்தைப் பார்க்கலாம். விசாவுக்கான அந்த ஆங்கிலத் தேர்வு மையங்களில்தான் நடந்தது. ஆள்மாறாட்டம் நடப்பதை 2014இல் பிபிசி படம்பிடித்துக் காட்டியது. பிறகு, 2011 முதல் அங்கே நடந்த சுமார் 58,000 தேர்வுகளில் 97 சதவீதத்தைச் செல்லாதவை அல்லது சந்தேகத்துக்குரியவை என்றது தேர்வை நடத்திய நிறுவனம். தவறு செய்யாத மாணவர்களும் அதில் மாட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படி ஏறினார்கள். சுவரும் இருந்தது, கண்காணிப்பாளரும் இருந்தார்.

இப்போது என் வகுப்பில் மின்னஞ்சலுக்குப் பாதி மதிப்பெண்தான். மீதி, எழுதியதைப் பற்றி இரண்டு நிமிடம் பேசுவதற்கு. பேச்சில் பிழைக்குக் கழிவில்லை. அதே மாணவி போன வாரம் ஐந்து வரி எழுதினார். ஏழு பிழை. 'எனக்கு நைட் டூட்டி இருப்பதால்' என்பதற்கு 'வைல் இஷ் ஹாபே நாஹ்ட்டீன்ஸ்ட்' என்று வினையை நடுவில் வைத்திருந்தார், ஆங்கிலத்தின் பழக்கம். ஜெர்மனில் 'வைல்' வந்தால் வினை கடைசிக்குப் போய்விடும். "உன் தமிழ் வாக்கியத்தில் வினை எங்கேம்மா இருக்கு?" என்று கேட்டேன். வாய்க்குள் சொல்லிப் பார்த்தவர் சிரித்துவிட்டார். "கடைசில, மேம்."