ஏன் படமெடுக்கிறோம்?



சென்னையில் 2016-ஆம் ஆண்டு முதல் 'சென்னை போட்டோ பினாலே' என்னும் நிழற்படத் திருவிழா நடைபெற்று வருகிறது. ஒரே மண்டபத்திற்குள் அடங்காமல், நகரின் பல இடங்களில் கண்காட்சிகளும் உரைகளும் பயிற்சிகளுமாக விரியும் விழா அது. அதன் நான்காம் பதிப்பு 2024 டிசம்பரில் தொடங்கி 2025 மார்ச் வரை நடந்தது. அதன் தலைப்பே ஒரு கேள்வி: ஏன் படமெடுக்க வேண்டும்? கலைஞர்களை நோக்கிக் கேட்கப்பட்ட அந்தக் கேள்வி, தருமபுரியில் இருக்கும் நம் சபையையும் நோக்கியது என்று எண்ணுகிறேன்.

காரணத்தைச் சொல்கிறேன். சென்ற கிறிஸ்துமஸ் காலத்தில் பென்னாகரம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் விதவைத் தாய்மாருக்கு அரிசியும் சேலையும் வழங்கினோம். ஒரு தாயார் முந்தானையால் முகத்தைப் பாதி மறைத்து நின்றார். "இங்கே பாருங்கம்மா" என்று நானே சொன்னேன். அவர் பார்த்தார், படமும் நன்றாக வந்தது. அன்று மாலையே அது பல வாட்ஸ்அப் குழுக்களுக்குச் சென்றது. சில வாரங்கள் கழித்து அவரைச் சந்தித்தபோது, "பெங்களூரில் கட்டட வேலை செய்கிற என் மகன் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டான் ஐயா. நான் உனக்குச் சோறு போடவில்லையா அம்மா என்று போனில் அழுதான்" என்றார். அவர் என்மேல் கோபப்படவில்லை. அதுவே என்னை அதிகமாய்க் குத்திற்று.

அந்த விழாவில் 'வானேறும் விழுதுகள்' என்றொரு கண்காட்சி இடம்பெற்றது. அதைத் தொகுத்தவர் வாடிப்பட்டியைச் சேர்ந்த நிழற்படக் கலைஞர் ஜெய்சிங் நாகேஸ்வரன். ஒடுக்கப்பட்டோரைப் பிறர் வந்து படமெடுத்துச் செல்வதே நெடுங்கால வழக்கம். இங்கோ, அவர்களே தங்கள் வாழ்வைத் தங்கள் கண்களால் காட்டினார்கள். யார் பார்க்கிறார், யார் பார்க்கப்படுகிறார் என்பது சிறிய காரியமல்ல.

வேதமும் பார்வையைக் குறித்துப் பேசுகிறது. நல்ல சமாரியன் உவமையில் ஆசாரியனும் லேவியனும் காயப்பட்டவனைக் காணாமல் போகவில்லை. கண்டும் விலகிப் போனார்கள். சமாரியனோ கண்டபோது உருகினான். அடிமைப்பெண்ணாகிய ஆகார் வனாந்தரத்தில் தேவனுக்கு ஒரு பெயர் இட்டாள்: தன்னைக் காண்கிறவர் என்பதே அதன் பொருள். அந்தப் பார்வை அவளை வெட்கப்படுத்தவில்லை, வாழவைத்தது. நம் கைப்பேசியின் பார்வை எத்தகையது?

"உதவி அனுப்புகிறவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டாமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். கணக்கைக் கணக்காகவே காட்டுவோம்: கடை ரசீது, மூட்டைகளின் எண்ணிக்கை, மூப்பர்கள் இருவரின் கையொப்பம் போதும். "நம் நற்கிரியைகள் மனுஷர் முன்பாகப் பிரகாசிக்க வேண்டுமே?" என்பீர்கள். ஆம், ஆனால் அந்த ஒளி பிதாவை மகிமைப்படுத்துவதற்கே. அதே மலைப்பிரசங்கத்தில்தான், வலதுகை கொடுப்பதை இடதுகை அறியலாகாது என்றும் ஆண்டவர் கற்பித்தார். மற்றவருடைய வறுமையை மேடையாக்கி அதன்மேல் நாம் நிற்கும் படத்தில் பிதாவின் மகிமை எங்கே?

ஆகவே இவ்வாண்டு முதல், உதவி பெறுகிறவர்களைப் பெறும் வேளையில் படமெடுக்க வேண்டாம் என்று உங்களைத் தாழ்மையாய்க் கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே அனுப்பியவற்றில் அழிக்கக்கூடியவற்றை அழித்துவிடுவோம். முதலில் நான் அழித்துவிட்டேன்.

கேமராவை வெறுக்கச் சொல்லவில்லை. நம் கிராமங்களில் எத்தனையோ முதியவர்கள் இறந்த பின்னர்தான், மாலையிடுவதற்கென்று அவர்களுடைய ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்க ஓடுகிறோம். அழகிய படம் எடுக்கத் தெரிந்த வாலிபர்கள் நம் சபையில் இருக்கிறார்கள். அவர்கள் வீடுவீடாகச் செல்லட்டும். அனுமதி கேட்டு, அந்தத் தாய்மார் தாங்கள் விரும்பிய சேலையில், தங்கள் வாசலில், தாங்கள் விரும்பியபடி அமர்ந்த பின் படமெடுக்கட்டும். அதை அச்சிட்டுச் சட்டமிட்டு அவர்கள் கையிலேயே கொடுக்கட்டும். வேறு எங்கும் அனுப்ப வேண்டாம்.

அந்தத் தாயாரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். முதல் படம் அவருடையதாக இருக்கட்டுமா என்றும் கேட்டேன். "மகன் பொங்கலுக்கு வருவான், அவனோடு சேர்த்து எடுங்கள் ஐயா" என்றார்.

காண்கிற தேவன் நம் கண்களையும் பரிசுத்தமாக்குவாராக. ஆமென்.