ஐயாயிரத்துக்குக் கீழே ஒரு பிழைப்பு

விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் உப்பளங்களில் வேலை சூரியனுக்கு முன்பே தொடங்கிவிடும். வெயில் ஏறிவிட்டால் வெள்ளைப் பாத்தியைக் கண் கொண்டு பார்க்க முடியாது. கால் வைக்கவும் முடியாது. அதனால் பேருந்து ஓடத் தொடங்காத நேரத்திலேயே சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்து ஆட்கள் சைக்கிளை மிதித்து வந்து சேர்கிறார்கள். ஹேண்டில்பாரில் சோற்றுத் தூக்கு, கேரியரில் தண்ணீர்க் கேன். வரப்பில் சைக்கிள் போகாது. சாலையோரம் நிறுத்திவிட்டு உள்ளே நடந்தால், நிறுத்திய இடம் கண்ணுக்கு எட்டாது. பூட்டிவிட்டுப் போகலாமே என்று கேட்பவர்கள் இந்தக் கரையில் ஒரு வருடம் சைக்கிள் வைத்திருந்து பார்க்க வேண்டும். உப்புக் காற்றில் பூட்டு இறுகி, சாவி திரும்பாமல் போய், கடைசியில் கல்லால் உடைத்துத்தான் வண்டியை வீட்டுக்குக் கொண்டு போக முடியும்.

அப்படி நிறுத்திய சைக்கிளை யாரோ தள்ளிக்கொண்டு போய்விட்டால், பறிகொடுத்தவருக்குப் போவது என்ன? விலையைக் கேட்டால் இரண்டாயிரம், மூவாயிரம் என்பார். பழைய வண்டிதானே. ஆனால் மறுநாள் விடியுமுன் அவர் வேலைக்கு எப்படி வருவார்? நாலு நாள் வராதவரின் பாத்தியில் ஐந்தாம் நாள் வேறொருவர் நின்றுகொண்டிருப்பார். குப்பத்தில் மீன் எடுத்து உள்ளூர்களுக்குக் கொண்டுபோய் விற்பவருக்கு சைக்கிள்தான் கடை. பிளஸ் ஒன் படிக்கும் பெண்ணுக்கு அதுதான் பள்ளிக்கூடத்துக்கு வழி. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களை சைக்கிளில் ஏற்றியபோது அவர்கள் வாழ்க்கையில் நடந்த மாற்றத்தைத் தமிழ்நாடு கண்ணால் கண்டது. தமிழ்நாடு அரசு 2001-ல் பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, பிறகு அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி மேல்நிலை வகுப்பு மாணவ மாணவியர் எல்லோருக்கும் விரித்ததும் இதை அறிந்துதான்.

இந்த அருமை நம் குற்றவியல் சட்டத்துக்குத் தெரியவில்லை.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா, 303-ஆவது பிரிவில் திருட்டுக்கு மூன்றாண்டு வரை சிறை என்கிறது. கூடவே ஒரு சலுகை: திருடிய பொருளின் மதிப்பு ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைவாக இருந்து, திருடியவர் முதன்முறை தண்டனை பெறுபவராகவும் இருந்து, பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவை செய்தால் போதும். இந்தச் சலுகையை நாம் முழு மனதோடு வரவேற்கிறோம். 2020 மே மாதம், பொதுமுடக்கத்தில் ஊர் திரும்ப வழியில்லாத ஒரு புலம்பெயர் தொழிலாளி, ராஜஸ்தான் பரத்பூர் மாவட்டத்து ராரா கிராமத்தில் ஒரு வீட்டிலிருந்து சைக்கிளை எடுத்துப் போனார். மாற்றுத்திறனாளி மகனை அழைத்துக்கொண்டு பரேலி வரை போக வேண்டும், வேறு கதியில்லை, மன்னியுங்கள் என்று கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போனார். அப்படிப்பட்ட ஒருவரைச் சிறையில் போட்டு யாருக்கு என்ன ஆகப் போகிறது?

சிக்கல் தண்டனையில் இல்லை. அடுத்த ஏட்டில் இருக்கிறது. நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் முதல் அட்டவணை, ஐயாயிரத்துக்குக் குறைந்த திருட்டைக் காவல்துறை தானாக வழக்குப் பதிந்து விசாரிக்க முடியாத குற்றங்களின் வரிசையில் வைத்துவிட்டது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 379-ஆவது பிரிவில் இப்படி ஒரு கோடு கிடையாது. பத்து ரூபாய்த் திருட்டும் திருட்டுதான். இன்று, புகார் சொல்ல வருபவரிடம் ஸ்டேஷனில் கேட்கப்படும் முதல் கேள்வி ‘வண்டி என்ன விலை பெறும்?’ என்பதாக இருந்தால், உண்மையைச் சொல்பவர் தோற்றுப்போகிறார். 174-ஆவது பிரிவின்படி புகாரின் சாரத்தை ஒரு புத்தகத்தில் எழுதிக்கொண்டு, அவரை மாஜிஸ்திரேட்டிடம் போகச் சொல்லலாம். நீதிமன்ற உத்தரவு வந்தால்தான் விசாரணை. மூவாயிரம் ரூபாய் சைக்கிளுக்காகக் கூலியை விட்டுவிட்டு நீதிமன்றப் படி ஏறுகிற உப்பளத் தொழிலாளி யார்?

இதே ஐயாயிரத்தை நம் மாநில அரசு வேறு விதமாக மதிக்கிறது. மழையில் பாத்திகள் மூழ்கி உற்பத்தி நிற்கும் மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அது கொடுக்கும் நிவாரணம் 5,000 ரூபாய். வேலையில்லாக் காலத்தில் ஒரு குடும்பத்தைத் தாங்கும் என்று ஓர் அரசு நம்பும் தொகைக்கு ஒரு ரூபாய் குறைந்த பொருள்கூட, அதே குடும்பத்திடமிருந்து திருடப்பட்டால் விசாரிக்கத் தகுதியில்லாததாகிவிடுகிறது. இந்தக் கோட்டை ஏழைகளின் குறுக்கேதான் போட்டிருக்கிறார்கள். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பொருளை வைத்திருப்பவருக்கு அது தட்டுப்படவே போவதில்லை.

அட்டவணையின் இந்த வரி திருத்தப்பட வேண்டும். குற்ற நடைமுறை பொதுப் பட்டியலில் உள்ளது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு மாநிலமே திருத்தம் கொண்டுவர அரசியல் சாசனத்தின் 254-ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. தமிழ்நாடு சட்டப்பேரவை அதைச் செய்யட்டும். தண்டனை சமூக சேவையாகவே இருக்கட்டும், விசாரணை நடக்கட்டும்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. சட்டத்தையே சற்று நிதானமாகப் படித்தால் வழி தெரிகிறது. சமூக சேவைச் சலுகை முதன்முறை தண்டனை பெறுபவருக்கு, அதுவும் பொருளைத் திருப்பிக் கொடுத்தால் மட்டும். திருடியவர் யாரென்றே தெரியாதபோது, அவர் முதல் தடவை திருடினாரா பத்தாவது தடவையா என்று புகார் வாங்குபவருக்கு எப்படித் தெரியும்? 305-ஆவது பிரிவும் இருக்கிறது. குடியிருக்கும் வீட்டுக்குள் நடந்த திருட்டு, சரக்கோ ஆட்களோ ஏற்றப் பயன்படும் வாகனத்தின் திருட்டு இரண்டையும் அது ஏழாண்டு வரை சிறைக்குரிய குற்றமாக்குகிறது. அங்கே ஐயாயிரம் என்ற பேச்சே இல்லை. காவல்துறை நேராக வழக்குப் பதியலாம். கேரியரில் மீன் பெட்டி கட்டிய சைக்கிள் சரக்கு வாகனம் இல்லையென்றால் வேறு எது? எஞ்சின் இருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. வழக்குப் பதியத்தக்க குற்றம் புகாரில் தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது. குறைந்தபட்சம் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது கேட்காமலே கையில் கொடுக்க வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை இத்தகைய புகார்களின் அறிக்கையை மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று 174-ஆவது பிரிவு விதித்திருப்பதையும் தவறாமல் செய்ய வேண்டும்.

காவல்துறைக்கு இதைவிடப் பெரிய வேலைகள் இருக்கின்றன என்பார்கள். இருக்கின்றன. 2023 மே மாதம் எக்கியார்குப்பத்தில் விஷச்சாராயம் பலரைக் கொன்றதை இந்தக் கரை மறக்கவில்லை. ஆனால் அப்படிப்பட்ட பெரிய குற்றங்களைப் பற்றி ஸ்டேஷனுக்கு முன்கூட்டியே துப்புச் சொல்ல வேண்டியவர்கள் யார்? இதே உப்பளத்துக்காரர்கள், இதே குப்பத்துப் பெண்கள். சைக்கிள் போய்விட்டது என்று வந்தபோது ஒரு வரி எழுதிக்கொள்ளாமல் திருப்பி அனுப்பிய வாசலுக்கு அவர்கள் எதை நம்பி மறுபடி வருவார்கள்?

புகார் பதிந்தால் மட்டும் சைக்கிள் கிடைத்துவிடாது. இது என்னுடையது என்று எப்படிக் காட்டுவது? ஒவ்வொரு சைக்கிளிலும் பிரேம் நம்பர் உண்டு. சீட்டுக்குக் கீழே உள்ள குழாயிலோ, பெடல் அச்சைத் தாங்கும் கூட்டின் அடியிலோ பொறித்திருப்பார்கள். நம்மில் எத்தனை பேர் குனிந்து பார்த்திருக்கிறோம்? மரக்காணத்தில் அதைப் பார்க்க அவகாசமும் குறைவு. உப்பு அந்த எண்ணைத்தான் முதலில் தின்னும். வண்டி வாங்கிய அன்றே எண்ணை எழுதி வைத்து, படம் எடுத்துக்கொண்டு, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவி விடுவது ஐந்து நிமிட வேலை. இலவச சைக்கிள்களுக்குக் கடை ரசீது கிடையாது; எல்லாம் ஒரே நிறம், ஒரே வடிவம். ஆகவே வண்டி கொடுக்கும் நாளிலேயே மாணவியின் பெயருக்கு நேரே பிரேம் நம்பரைப் பள்ளி குறித்துக்கொள்ள வேண்டும் என்று பள்ளிக்கல்வித் துறை உத்தரவிட வேண்டும்.

இது நமக்குப் புதிதும் அல்ல. சைக்கிளுக்கு உள்ளாட்சிகள் வரி வாங்கிக்கொண்டு எண் பொறித்த வில்லை கொடுத்த காலத்தைப் பெரியவர்கள் சொல்வார்கள். வில்லை இல்லாத வண்டியை நிறுத்திப் பிடித்த கதைகளும் அவர்களிடம் இருக்கும். வரி போனது நல்லதுதான். அதோடு பதிவும் போய்விட்டது. ஜப்பானில் சைக்கிள் வாங்கும்போதே திருட்டுத் தடுப்புப் பதிவு செய்து எண் ஒட்டுவதை 1994 முதல் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. மரக்காணம் பேரூராட்சி அவ்வளவு தூரம் போக வேண்டாம். உப்பு வாரும் பருவம் தொடங்குமுன் அளத்துக்கு அளம் ஒரு முகாம் போட்டு, கட்டணமில்லாமல் எண் பொறித்து, ஒரு நோட்டில் எழுதி, அதன் நகலைக் காவல் நிலையத்தில் கொடுக்கட்டும். கடலோரம் தகடு நிற்காது. பிரேமிலேயே பொறிப்பதுதான் சரி.

திருட்டு சைக்கிள் முழு வண்டியாக ஓடுவதைவிடப் பிரிந்து போவது எளிது. ரிம் ஒரு பக்கம், சீட் ஒரு பக்கம், பிரேம் காயலான் கடைக்கு. கடைக்காரர்கள் எல்லோரையும் திருடர் என்று சொல்ல நமக்கு மனமில்லை. விற்றவர் பெயரும் பிரேம் நம்பரும் எழுதிய ஒரு பேரேடு வைத்திருந்தால் நேர்மையானவர்களுக்கு அதுவே காப்பு. திருட்டுப் பொருள் எனத் தெரிந்தே வாங்குவது 317-ஆவது பிரிவில் தனிக் குற்றம். சைக்கிள் கடை மெக்கானிக்குகளையும் காவல்துறை மறக்கக் கூடாது. தான் வைத்த வெல்டிங்கை, தான் கோத்த போக்ஸை எந்த மெக்கானிக்கும் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொள்வார். காணாமல் போன வண்டியின் படம் முதலில் போக வேண்டிய இடம் அவர் கைப்பேசி. வடக்கே சற்றுத் தூரத்தில் செங்கல்பட்டு மாவட்டம், தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே புதுச்சேரி. மூன்று நிர்வாகங்களின் ஸ்டேஷன்களும் அந்தப் படத்தைப் பகிர்ந்துகொள்ளாவிட்டால், எல்லை தாண்டிய சைக்கிளை யாரும் தேடப் போவதில்லை.

கடைசியாக, கிடைத்த சைக்கிள்களின் கதி. வழக்கில் பிடித்த பொருளைப் படமும் காணொளியும் எடுத்து, பதினான்கு நாளில் விவரப் பட்டியல் போட்டு, அடுத்த முப்பது நாளில் அதை என்ன செய்வது என்று நீதிமன்றம் உத்தரவிட வேண்டும் என்கிறது புதிய நடைமுறைச் சட்டத்தின் 497-ஆவது பிரிவு. ஏழைக்கு உதவும் வரி இது, பயன்பட வேண்டும். உரியவர் தெரியாத வண்டிகளுக்கு 503-ஆவது பிரிவின்படி அறிவிப்பு வெளியிட்டு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அந்த அறிவிப்பு அலுவலகச் சுவரோடு நின்றால் யார் கண்ணில் படும்? மீன் இறங்கும் இடத்திலும், அளத்துக்குத் திரும்பும் முனையிலும், பள்ளி வாசலிலும் பிரேம் நம்பரோடு ஒட்ட வேண்டும். விழுப்புரம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் ஒரு சுற்றறிக்கையில் இதைச் சொல்லிவிடலாம். மரக்காணத்தின் காற்றில் ஸ்டேஷன் வளாகத்து சைக்கிளுக்கு ஆறு மாதம் என்பது மிக நீண்ட காலம். அதற்குள் செயின் ஒட்டிக்கொள்ளும், ரிம் உதிரத் தொடங்கும், பிரேம் நம்பரும் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.