கல் விழுந்தால் தீர்ந்ததா?

சிறுநீரகக் கல் வந்தவருக்கு ஊரே சொல்லும் ஆறுதல் ஒன்று உண்டு: "கல்லு விழுந்துடுச்சுல்ல, இனி என்ன கவலை?" வாழைத்தண்டுச் சாறு குடித்தோ லேசர் வைத்தோ கல் வெளியேறிவிட்டால் ஸ்கேன் ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடுகிறார்கள். இந்த அலட்சியத்தைத்தான் கண்டிக்கிறேன். கல்லோடு இதய ஆபத்தும் சேர்ந்து வரக்கூடும்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஓம்ஸ்டெட் கவுண்டி மக்களை ஆராய்ந்து 2010-இல் வெளியான ஆய்வில், கல் வந்தவர்களுக்கு மாரடைப்பு அபாயம் 31 சதவீதம் கூடுதலாக இருந்தது. 2013-இல் 2,42,105 பேரின் தரவுகளைப் பார்த்தபோது பெண்களிடம் இந்தத் தொடர்பு தெளிவாகத் தெரிந்தது, ஆண்களிடம் தெரியவில்லை.

"அதெல்லாம் வெள்ளைக்காரன் உடம்பு, நமக்குப் பொருந்தாது" என்பார்கள். அந்த ஆய்வுகளில் பெரும்பாலும் வெள்ளையர்களே இருந்தார்கள் என்பது மெய்தான். ஆனால் வெள்ளையர், கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர், சீன வம்சாவளியினர் என நால்வகை மக்களையும் சேர்த்து அமெரிக்காவில் நடக்கும் மெசா ஆய்விலும், திரும்பத் திரும்பக் கல் வந்தவர்களின் இதயத் தமனிகளில் கால்சியம் படிவு கூடுதலாகவே காணப்பட்டது. அதில் தெற்காசியர் இல்லை. அதை வைத்து நாம் தப்பித்தோம் என்று எப்படிச் சொல்ல முடியும்? 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின்படி, தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. மற்றவர்களுக்கு 59-ஐ ஒட்டி. பயப்பட வேண்டியவர்களே நாம்தான். கல் குறைவாக வரும் இனத்தாருக்கு இதயம் பத்திரம் என்றும் எண்ண வேண்டாம். அமெரிக்கக் கறுப்பினத்தவருக்குக் கல் குறைவு. இதயநோய் மரணமோ வெள்ளையரைவிட அதிகம்.

கல்தான் மாரடைப்பை வரவழைக்கிறது என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் சர்க்கரை, ரத்த அழுத்தம், தொப்பை ஆகிய மூன்றும் கல்லோடும் சேர்ந்து வருகின்றன, இதயநோயோடும் சேர்ந்து வருகின்றன. கல்லை மட்டும் எடுத்துவிட்டு இவற்றைத் தொடாமல் விடுவது அரைகுறை வைத்தியம்.

பத்தியத்திலும் இதே கோளாறுதான். கல் என்றதும் பாலையும் தயிரையும் நிறுத்திவிடுகிறார்கள். ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் தட்டில் அப்படியே இருக்கின்றன. இத்தாலியில் 120 ஆண்களை ஐந்தாண்டு கவனித்து 2002-இல் வெளியான ஆய்வு இதற்கு நேர் எதிராகச் சொன்னது. கால்சியத்தை வழக்கமான அளவில் வைத்து, உப்பையும் இறைச்சியையும் குறைத்தவர்களுக்குக் கல் திரும்ப வந்தது, கால்சியத்தைக் குறைத்தவர்களோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதிதான். உப்பு மிஞ்சினால் சிறுநீரில் கால்சியம் கூடும். ரத்த அழுத்தமும் ஏறும். கல்லுக்குக் குறைக்கும் அதே உப்பு இதயத்துக்கும் குறைகிறது.

கல் வந்தவர்களே, வலி நின்றதும் மருத்துவமனையை மறந்துவிடாதீர்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால், கிரியாட்டினின் நான்கையும் பார்த்துவிடுங்கள். மருத்துவர் தானாகச் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். வீட்டில் கல் வந்த பெண் இருந்தால், அவரை முதலில் அழைத்துப் போங்கள்.