அன்னையின் அளவுக்கு ஒரு சட்டை

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பர் பெரியோர். மரக்காணம் உப்பளத்தில் உழைக்கும் எங்கள் அன்னையரின் ஆடையிலும் பாதி அவர்களுடையது அன்று, அப்பாவுடையது! அப்பா உடுத்திக் கழித்த முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டுதான் பாத்தியில் இறங்குகிறார்கள். மேலே வெயில், கீழே வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயில். சட்டை அவர்களுக்கு நாகரிகம் அன்று, காவல்.

இவ்வாண்டு தையல் வகுப்பில், ஆடவர் சட்டைக்கான பழைய மேனாட்டுக் காகித மாதிரி ஒன்றை வைத்துச் சட்டை தைத்தோம். அளவு வாரியான காகித மாதிரிகளை 1863-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்கத் தொடங்கியவர் எபனேசர் பட்டரிக் என்னும் தையற்காரர். அக்கால மாதிரிகளில் ஓர் உறைக்கு ஓர் அளவே. எங்களுக்குக் கிடைத்ததும் அப்படியே: மார்பு 38 அங்குலம்.

தைத்து முடித்து, எங்களுள் ஒருத்தியின் அன்னைக்கு அணிவித்தோம். தோள் சரிந்து தொங்கியது. கைப்பட்டி விரல்களை மூடியது. இடுப்பிலோ கொசுவத்தின் மேல் பொத்தான் பூட்ட இயலவில்லை. "இதுக்கு உங்க அப்பா சட்டையே தேவலைடி!" என்று அவர் சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

பிழை மாதிரியில் இல்லை. அணிபவரை அளக்காத எங்களிடம் இருந்தது. மறுபடியும் சேலைக்கு மேலேயே அளவெடுத்தோம். தோளைக் குறைத்தோம்; கையை மணிக்கட்டோடு நிறுத்தினோம்; பக்கங்களில் பிளவு விட்டோம். காலரை நீக்கவில்லை. மேனாட்டில் டை கட்ட உதவுவது இங்கே பிடரியைக் காக்கும். தோளின் இரட்டைத் துணியையும் விடவில்லை. தலைக்கூடையிலிருந்து உப்புநீர் சொட்டுவது அங்கேதானே! உப்பில் இரும்புக் கொக்கி துருப்பிடிக்கும் என்பதால் பிளாஸ்டிக் பொத்தான் வைத்தோம்.

"பெண்களுக்குப் பூத்தையல் போதாதா?" எனச் சிலர் கேட்கலாம். கைக்குட்டையில் ரோஜா பின்னுவதை நாங்கள் இகழவில்லை. ஆனால் தையற்கடையில் ஆணின் சட்டைக்கு அளவுண்டு. பெண்ணின் ரவிக்கைக்கு அளவுண்டு. உழைக்கும் பெண்ணின் சட்டைக்கு மட்டும் அளவில்லை. அந்த அளவை நாம் அல்லவா எடுக்க வேண்டும்?

எனவே எங்கள் கருத்து இது: பத்தாம் வகுப்பு மாணவி ஒவ்வொருத்தியும் தேர்வுக்குத் தைக்கும் ஆடை, உப்பளத்தில் உழைக்கும் ஒருவரின் அளவுக்குத் தைத்த சட்டையாக இருக்கட்டும். அவ்வளவுகளைப் பழுப்புத் தாளில் வெட்டிப் பள்ளியில் சேர்த்து வைத்தால், பின்வரும் தங்கையருக்கு அதுவே மாதிரியாகும்.

தோழியரே, அடுத்த தை மாதம் பாத்தியில் இறங்கும் அன்னையர், தமக்கெனத் தைத்த சட்டையோடு இறங்கட்டும்!