கையும் கருத்தும்

ரசவாதம் என்றதும், செம்பைப் பொன்னாக்கித் தருவதாகச் சொல்லி ஊரை ஏமாற்றிவிட்டு மறையும் போலிச் சாமியார்தான் நம் நினைவுக்கு வருகிறார். அந்த வித்தைக்குள் ஒரு சாஸ்திரமும் இருந்ததென்று ஆராய்ந்து காட்டியவர் ஆசாரிய பிரபுல்ல சந்திர ராய். கல்கத்தா பிரஸிடென்ஸி கல்லூரியில் ரசாயனப் பேராசிரியராயிருந்த அவர், பிரெஞ்சு ரசாயன மேதை பெர்த்தலோ அளித்த ஊக்கத்தினால், பழைய வடமொழிச் சுவடிகளைத் தேடித் திரட்டினார். அவர் எழுதிய ஹிந்து ரசாயன சரித்திரத்தின் முதற் பாகம் 1902-லும், இரண்டாம் பாகம் 1909-லும் வெளிவந்தன.

அச்சுவடிகளில் பொன்னாசைக்குக் குறைவில்லை. ஆயினும் உலை, மூசை, வாலை ஆகியவற்றின் அமைப்பும் அவற்றில் விவரமாக உண்டு. ரசரத்ன சமுச்சயம் என்னும் நூல், கத்தரிக்காய் வடிவான மூசையில் ரசகக் கல்லையிட்டுக் காய்ச்சி, வெள்ளீயம்போல் மின்னும் சத்தை எடுக்கும் முறையைச் சொல்லுகிறது. அதுவே துத்தநாகம். உலைச் சூட்டில் அது ஆவியாகிப் பறந்துவிடும். அந்த ஆவியைக் குளிரவைத்துப் பிடிப்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. உதயபூருக்கு அருகேயுள்ள ஜாவரில் 1983-ல் பூமியை அகழ்ந்தபோது, அதே வடிவமுள்ள மண் மூசைகள் உலையோடு வெளிப்பட்டன. ஐரோப்பாவில் வில்லியம் சாம்பியன் என்பவர் துத்தநாகம் வடிக்கும் முறைக்கு உரிமை பெற்றது 1738-ல். ஜாவர் உலைகள் அதற்குப் பல தலைமுறை முந்தியவை.

இதைக் கேட்டு மார்தட்டிக்கொள்ள நமக்கு ஆசை எழுவது இயல்பே. ராய் அத்துடன் நிற்கவில்லை. இத்தனை அறிந்த தேசத்தில் ஆராய்ச்சி ஏன் பட்டுப்போயிற்று என்றும் கேட்டார். கைத்தொழிலைத் தாழ்ந்ததென்று ஒதுக்கிச் சில ஜாதியாரிடம் தள்ளியதே பெருங்காரணம் என்று, தம் முதற் பாகத்திலேயே ஒளிக்காமல் எழுதினார். ஏட்டைப் படித்தவர் உலையைத் தொடவில்லை. உலையை ஊதியவருக்கு ஏடு கிட்டவில்லை. அன்னியர் ஆண்ட காலத்தில் தேசபக்தர் ஒருவர் சொந்த ஜனங்களிடம் இதைச் சொல்வதற்கு எத்தகைய நெஞ்சுரம் வேண்டும்! சொன்னபடி நடந்தும் காட்டினார். தம் வீட்டிலேயே மருந்துச் சரக்குகளைக் காய்ச்சத் தொடங்கி, 1901-ல் அதைப் பெங்கால் கெமிக்கல் கம்பெனியாக்கினார்.

ரசேந்திர சிந்தாமணியை இயற்றிய பழைய ஆசிரியரும், தம் கையால் செய்து பாராத எதையும் எழுதவில்லை என்கிறார். முன்னோர் பெருமையைப் பேசும் நாம், அவர்களுடைய இந்த வழக்கத்தையும் மேற்கொள்ளவேண்டாமா? நம் பிள்ளைகள் கையில் கரியும் எண்ணெயும் படிந்தால் முகம் சுளிக்காதிருப்போம். ராயின் நூலுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதுவே.