மெஷின் பொய் சொல்லுமா?

(இறுதியாண்டு மாணவர், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)



"பார்கோடு என்றால் என்ன?" இரண்டு மதிப்பெண் வினா. "கருப்புக் கோடுகளாலும் வெள்ளை இடைவெளிகளாலும் தகவலைக் குறிக்கும் முறை." இரண்டுக்கு இரண்டு போட்டு விடுவார்கள். "டிரான்ஸ்பாண்டர் என்றால் என்ன?" அதற்கும் ஒரு வரி வைத்திருக்கிறோம். செக் டிஜிட், கொயட் ஸோன், ஃபர்ஸ்ட் ரீட் ரேட், சப்ஸ்டிட்யூஷன் எரர்... தேர்வுக்கு முதல் நாள் இரவு டீக்கடையில் நின்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு மனப்பாடம் செய்யாதவர் நம்மில் யார்? நானும் அப்படித்தான் படித்தேன், நல்ல மார்க்கும் வாங்கினேன். அந்த மார்க்கைப் பற்றி எனக்கு இப்போது பெருமை இல்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சென்ற ஆண்டு மன்னார்புரம் பக்கம் ஒரு குடோனில் சாயங்கால வேலைக்குப் போனேன். பைப் ஃபிட்டிங் மொத்த வியாபாரம். கடையின் பெயர் நமக்கு வேண்டாம். எல்போ, டீ, கப்ளிங் எல்லாம் அட்டைப் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கும். ஒவ்வொரு பெட்டியிலும் கடையிலேயே அச்சடித்த ஸ்டிக்கர். பெட்டி வண்டி ஏறும்போது ஸ்கேனரைக் காட்ட வேண்டும். 'பீப்' என்றால் கணக்கில் கழிந்தது என்று அர்த்தம். அங்கே லோடு ஏற்றும் அண்ணன் ஒருவர் இருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். அதிகம் பேச மாட்டார். நான் தூக்கத் திணறும் பெட்டியைச் சத்தமில்லாமல் வந்து வாங்கிக்கொள்வார்.

மாதக் கடைசியில் சரக்கு எண்ணினால் குறையும். ஒரு மாதம் அல்ல, தொடர்ந்து மூன்று மாதம். அதுவும் அரை இஞ்ச், ஒரு இஞ்ச் சரக்குதான் குறையும். முக்கால் இஞ்சில் ஒரு பெட்டிகூடக் குறைந்தது கிடையாது! முதலாளிக்கு இது ஒன்றே போதுமான சாட்சி. "அரை இஞ்சும் ஒரு இஞ்சும்தான்யா வெளியில உடனே விலை போகும். எடுக்கிறவனுக்குத் தெரியாதா?" என்றார். அண்ணன் சம்பளத்தில் மாதம் ஆயிரத்து ஐந்நூறு பிடித்தார்கள். அவரோடு வேலை பார்த்த இன்னொருவருக்கும் பிடித்தார்கள். அவர் இரண்டாவது மாதமே நின்றுவிட்டார்.

ஒருநாள் சாயங்காலம் டீ குடிக்கும்போது அண்ணன் என்னிடம் கேட்டார்: "தம்பி, நீ இதத்தான் படிக்கிறேங்கிற. மெஷின் பொய் சொல்லுமா?"

நான் யோசிக்காமல், "சொல்லாதுண்ணே. தப்பா இருந்தா படிக்காது, அவ்வளவுதான்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு கிளாஸைக் கழுவப் போய்விட்டார். படித்த பையனே சொல்லிவிட்டான், பிறகு என்ன இருக்கிறது?

நண்பர்களே, நான் சொன்னது தவறு. அதைவிட வெட்கம், அது தவறு என்பதற்கான சொல் என் நோட்டிலேயே இருந்தது என்பதுதான். ஸ்கேனர் படிக்க மறுத்தால் அது நோ-ரீட். தவறாகப் படித்துவிட்டுச் சரியாகப் படித்தது போலவே 'பீப்' அடித்தால் அது சப்ஸ்டிட்யூஷன் எரர், அதாவது ஒன்றுக்குப் பதில் வேறொன்று. முதலாவது நமக்கு எரிச்சல் தரும், நேரத்தைத் தின்னும். ஆனால் அது நாணயமான தவறு, தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்கிறது. இரண்டாவதுதான் ஆளைக் கவிழ்ப்பது. பரீட்சைத் தாளில் இரண்டும் அடுத்தடுத்த வரிகள். குடோனில் இரண்டுக்கும் நடுவே ஒரு மனிதனின் சம்பளம் நிற்கிறது.

எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்பீர்கள். பில் போடும் அக்கா ஒருநாள் தற்செயலாக, "பழைய எல்போ கோடு ஒண்ணு மைனஸ்லயே நிக்குது தம்பி, அழிக்கவும் விடமாட்டேங்குது" என்று சலித்துக்கொண்டார். மைனஸா? இல்லாத சரக்கு எப்படி விற்கும்? எடுத்துப் பார்த்தேன். அந்த மைனஸும், அரை இஞ்ச் எல்போவிலும் ஒரு இஞ்ச் எல்போவிலும் குறைந்ததைக் கூட்டினால் வருவதும் ஒரே எண்! டீயிலும் அப்படியே, கப்ளிங்கிலும் அப்படியே. குறைந்த இடத்தை மட்டும் எல்லோரும் தேடினார்கள். அதிகமாகக் கழிந்த இடத்தை யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றும்?

அந்தக் கடையில் முன்பு ஆறு இலக்க எண். பிறகு அளவைச் சேர்க்க வேண்டும் என்று பின்னால் இரண்டு இலக்கம் ஒட்டி எட்டாக்கினார்கள். அரை இஞ்சுக்கு 12, ஒரு இஞ்சுக்கு 10, முக்காலுக்கு 34. பழைய ஆறு இலக்க எண்களும் கம்ப்யூட்டரில் அப்படியே கிடந்தன. கோடு போட்ட முறை 'இன்டர்லீவ்டு டூ ஆஃப் ஃபைவ்'. இதில் ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஐந்து கூறு, அதில் இரண்டு தடித்தவை, மூன்று மெல்லியவை. இலக்கங்கள் ஜோடி ஜோடியாகப் போகும். ஜோடியில் முதல் இலக்கம் கருப்புக் கோடுகளில், இரண்டாவது அவற்றுக்கு நடுவிலுள்ள வெள்ளை இடைவெளிகளில். இடம் மிச்சம், கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். முடிவைக் காட்ட ஒரு 'ஸ்டாப்' குறி உண்டு: தடித்த கோடு, மெல்லிய இடைவெளி, மெல்லிய கோடு.

இங்கேதான் கத்தி ஒளிந்திருந்தது. 1 என்ற இலக்கத்தின் முதல் கோடு தடித்தது, அடுத்தது மெல்லியது. 2 என்ற இலக்கத்தின் முதல் இடைவெளி மெல்லியது. ஆக 12 என்று எழுதினால் அதன் தொடக்கம் அச்சு அசலாக ஸ்டாப் குறி மாதிரியே இருக்கும்! 10-க்கும் இதே கதி, ஏனென்றால் 0-வின் முதல் இடைவெளியும் மெல்லியது. 34 அப்படி இல்லை. 3-க்கு முதல் இரண்டு கோடுகளும் தடித்தவை, அதனால் ஏமாற இடமில்லை. முக்கால் இஞ்ச் ஏன் குறையவில்லை என்பது இப்போது புரிகிறதா?

ஸ்கேனரை நேராகப் பிடித்தால் ஒன்றும் ஆகாது. சாய்த்துப் பிடித்தால் ஒளிக்கோடு ஆறு இலக்கம் படித்து, ஏழாவதைத் தொட்ட கையோடு கோடுகளின் மேல் விளிம்பைத் தாண்டி வெள்ளைக் காகிதத்துக்குப் போய்விடும். மெஷினுக்கு என்ன தெரியும்? ஸ்டாப் வந்தது, அப்புறம் வெற்றிடம் வந்தது, எண் முடிந்தது, 'பீப்'! பழைய ஆறு இலக்க எண்ணில் ஒரு பெட்டி கழிந்தது. ஸ்டிக்கர் ரோல் மிச்சம் பிடிப்பதற்காகக் கோட்டின் உயரத்தைப் பாதியாகக் குறைத்திருந்தார்கள். கோடு குட்டையானால் ஒளி தப்பி ஓடுவது இன்னும் சுலபம்.

இதற்கு மருந்து புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கோடுகளின் மேலும் கீழும் ஒரு தடித்த கருப்புப் பட்டை இழுத்தால் போதும். அதற்குப் பேரர் பார் என்று பெயர். சாய்ந்த ஒளி அந்தப் பட்டையில் மோதிக் குழம்பி, நோ-ரீட் ஆகிவிடும். அல்லது "எட்டு இலக்கம் தவிர எதையும் ஏற்காதே" என்று ஸ்கேனருக்குக் கட்டளை போடலாம். அல்லது கடைசியில் ஒரு செக் டிஜிட் சேர்க்கலாம். சோப்பு, பிஸ்கட் பாக்கெட்டில் உள்ள பதின்மூன்று இலக்கத்தில் கடைசி இலக்கம் அதுதான். நீங்களே போட்டுப் பாருங்கள்: 890123456789 என்ற பன்னிரண்டில், ஒற்றை இடத்து இலக்கங்களின் கூட்டல் 28. இரட்டை இடத்து இலக்கங்களின் கூட்டல் 34, அதை மூன்றால் பெருக்கினால் 102. மொத்தம் 130. பத்தின் மடங்காக ஏற்கெனவே இருப்பதால் செக் டிஜிட் 0. எந்த ஓர் இலக்கம் மாறினாலும் இந்தக் கணக்கு இடிக்கும். (போகிற போக்கில் ஒன்று: 890 என்று தொடங்கினால் அது இந்தியாவில் செய்த பொருள் என்று நம் ஹாஸ்டலில் பந்தயமே கட்டுகிறார்கள். இல்லை! அந்த எண்ணை அந்த நிறுவனத்துக்குக் கொடுத்தது இந்தியாவிலுள்ள ஜி.எஸ்.1 அமைப்பு என்பது மட்டுமே அதற்கு அர்த்தம். பொருள் எங்கே செய்யப்பட்டதோ, யாருக்குத் தெரியும்.)

பெரியவர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். ஜோசப் உட்லண்ட் மயாமி கடற்கரை மணலில் விரலால் மோர்ஸ் குறிகளை நீட்டி இழுத்துப் பார்த்ததில் பிறந்த யோசனை இது. அவரும் பெர்னார்ட் சில்வரும் 1952-இல் காப்புரிமை பெற்றார்கள். ஆனால் ஒரு கடையின் கல்லாவில் முதல் பாக்கெட், அதுவும் ஒரு சூயிங்கம் பாக்கெட், ஸ்கேன் ஆனது 1974 ஜூன் 26-இல்தான். நடுவில் அமெரிக்க ரயில்வே 1967 முதல் வாகன்களின் பக்கவாட்டில் வண்ணப் பட்டைகள் ஒட்டிப் படிக்கப் பார்த்தது. அழுக்கும் புழுதியும் படிந்து பட்டைகள் மங்கின, பத்தாண்டுகளில் கைவிட்டார்கள். பொன்மலைப் பணிமனைக்குள் போய் ஒரு சரக்கு வாகனைக் கையால் தடவிப் பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இன்று நம் ரயில்வே வாகன்களுக்கு ரேடியோ அலைச் சில்லு பொருத்துவது இதனால்தான். ஒளிக்கு அழுக்கு தடை, ரேடியோ அலைக்கு அது பெரிய தடையில்லை.

ரேடியோ அலை என்றதும் நம் ஊர் ஞாபகம் வருகிறது. மன்னார்புரத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் டி.வி.எஸ். டோல்கேட். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் நம்பர் ஒன் டோல்கேட். இரண்டிலும் பெயரில்தான் கேட் உண்டு, பஸ்ஸை யாரும் மறித்துக் காசு கேட்பதில்லை. காசு வாங்கும் வேலை சமயபுரம், துவாக்குடிப் பக்கம் போய்விட்டது. 2021 பிப்ரவரியிலிருந்து தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயம். கண்ணாடியில் ஒட்டிய அந்தச் சில்லில் பேட்டரி கிடையாது. சாவடியில் உள்ள ரீடர் அனுப்பும் அலையிலிருந்தே மின்சக்தியை எடுத்துக்கொண்டு, அதே அலையைத் தன் எண்ணுக்கேற்ப மாற்றித் திருப்பி அனுப்புகிறது. இதற்குத்தான் பாஸிவ் டேக் என்று பெயர். நமக்கு அதுவும் ஒரு இரண்டு மார்க். ஆனால் வீட்டு வாசலில் நின்ற வண்டிக்கு எங்கோ ஒரு சாவடியில் பணம் பிடித்தார்கள் என்று பத்திரிகையில் படிக்கும்போது, சில்லு தவறாகப் படிக்கப்பட்டதா, அல்லது சில்லைப் படிக்காமல் யாரோ கையால் வண்டி எண்ணைத் தட்டினார்களா என்று கேட்கத் தெரிய வேண்டாமா?

இதைவிட நமக்கு நெருக்கமானது ரேஷன் கடை. 2017-இல் ஸ்மார்ட் கார்டு வந்தது, அதில் கியூ.ஆர். கோடு. 2020-இல் கைரேகை வந்தது. பாத்திரம் தேய்த்தும் செங்கல் சுமந்தும் ரேகை தேய்ந்துபோன கிழவி விரலை வைக்கிறாள், மெஷின் இல்லை என்கிறது. அது நோ-ரீட். "நீ அவள் இல்லை" என்று அதற்கு அர்த்தமே கிடையாது, "எனக்குப் படிக்கத் தெரியவில்லை" என்று மட்டும்தான் அர்த்தம். வரிசையில் பின்னால் நிற்கும் நம் துறை மாணவன் இதை உரக்கச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

நம் நண்பர்களில் சிலர், "இதெல்லாம் இங்கிலீஷ் வார்த்தை, இன்டர்வியூவுக்கு உதவும், அது போதும்" என்கிறார்கள். வேறு சிலர் எல்லாவற்றுக்கும் தூய தமிழ்ச் சொல் வேண்டும் என்று மேடையில் முழங்குகிறார்கள். இரண்டு பக்கமும் எனக்கு ஒப்புதல் இல்லை. பட்டைக்குறி என்று சொல்லுங்கள், பார்கோடு என்று சொல்லுங்கள், எதுவானால் என்ன? அந்த அண்ணனுக்கு நான் சப்ஸ்டிட்யூஷன் எரர் என்று சொல்லியிருந்தால் அது அவர் காதில் விழுந்து கீழே போயிருக்கும். "படிக்காம விடுறது ஒண்ணு, மாத்திப் படிக்கிறது இன்னொண்ணுண்ணே" என்றேன், உடனே பிடித்துக்கொண்டார். சொல்லின் பெயரை மட்டும் தெரிந்துகொண்டு, அது தவறினால் யார் தலையில் விடியும் என்று தெரியாமலிருப்பதைப் படிப்பு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பேரவைக்கு ஒரு கோரிக்கை வைக்கிறேன். வரும் ஆண்டில் ஒரே ஒரு மதியம் ஒதுக்குங்கள். ஒரு பழைய ஸ்கேனரும் ஒரு ஸ்டிக்கர் பிரிண்டரும் போதும். எந்தக் கோடு எப்படி ஏமாற்றும் என்று கையால் செய்து பார்ப்போம். முடிந்தால் பக்கத்துக் குடோன்களில், கடைகளில் வேலை பார்ப்பவர்களையும் அழைப்போம். அவர்களிடம் நமக்குத் தெரியாத சேதி நிறைய இருக்கிறது. பேச்சாளர் யாரும் வேண்டாம், பொன்னாடைச் செலவும் மிச்சம்!

குடோன் கதையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தாளில் கோடுகளைப் பெரிதாக வரைந்து முதலாளியிடம் கொண்டுபோனேன். முதலில் அவர் நம்பவில்லை. "கம்ப்யூட்டர விட நீ பெரிய ஆளா?" என்றார். ஸ்கேனரைச் சாய்த்து அவர் கண் முன்னாலேயே அடித்துக் காட்டினேன். பத்துப் பன்னிரண்டு தடவை ஒன்றும் ஆகவில்லை, எனக்கு வியர்த்துவிட்டது. அதற்கப்புறம் ஒரு 'பீப்'. திரையில் ஆறு இலக்கம். அவர் வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் ஸ்டிக்கருக்கு மேலும் கீழும் பட்டை வந்தது. அண்ணனுக்குப் பிடித்த மூன்று மாதப் பணத்தையும் எண்ணிக் கொடுத்தார்கள். நின்றுபோனவருக்குச் சேர வேண்டியதை ஒரு கவரில் போட்டு மேஜை டிராயரில் வைத்தார்கள். மணப்பாறைப் பக்கம் என்கிறார்கள், சரியான விலாசம் யாரிடமும் இல்லை. நான் வேலையை விடும் வரை அந்தக் கவர் அங்கேதான் இருந்தது.